இரண்டாவது பலகை

செருப்பு தைப்பவர் இடது செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு வலது செருப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நொண்டி விளையாட்டு ஏதாவது ஆடுறீங்களா? ஒரு குதிகால் தேய்ஞ்சு காணாமப் போச்சு. இன்னொண்ணு இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி இருக்கு."

"மட்டமான செருப்பு போல," என்றாள் அவள்.

"செருப்பு மட்டம்னா ரெண்டும்தானே மட்டமா இருக்கணும்?"

அதற்குப் பதில் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எதற்குமே தோன்றுவதில்லை. அவர் ஒரு ரப்பர் துண்டை வெட்டி, பசை தடவி, நான்கு ஆணி அடித்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார். அத்தை என்றால் அவளுடைய மாமியார். கைத்தடி அவர் முழங்கையில் ஒரு பையைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

"போலாமா?"

"ம்."

அவ்வளவுதான். அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் சில்லறை சில்லறையாகச் செலவாகும். முன்பும் இவர்கள் இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டவர்கள் இல்லை. ஆனால் முன்பு நடுவில் அவன் இருந்தான். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, குழாய் ஒழுகுதுன்னு" என்று அம்மா சொல்வார். "உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, ஆளுக்குச் சொல்லியாச்சுன்னு" என்று மனைவி சொல்வாள். அவன் செய்தித்தாளை இறக்காமலே, "ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கீங்க? நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்பான். பிறகு செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பான். செய்தித்தாள் குலுங்குவதில் அது தெரியும்.

போன வருடக் கடைசியில் ஒரு காலை, அலுவலகப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தகவல் சொன்னவர்கள் அவள் மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்துக் கையில் தண்ணீரோடு நின்றார்கள். அவள் அந்தத் தண்ணீரை வாங்கி அத்தைக்குக் கொடுத்தாள். அன்றும் அழவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் அழவில்லை. கையைத் தலைக்கு வைத்து வெகுநேரம் தூங்கினால் கை யாருடையதோபோல மரத்துக் கிடக்குமே, அப்படி ஆள் முழுக்க மரத்துக் கிடந்தாள். சமைத்தாள், வேலைக்குப் போனாள், துணிகளை மடித்து அடுக்கினாள். அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு முறிந்தபோதும் அதே முகத்தோடு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அறுவை முடிந்து வந்தவரைத் துடைத்தாள், திருப்பிப் படுக்க வைத்தாள், மருந்து கொடுத்தாள். ஒரு குறை இல்லை. ஒரு வார்த்தையும் இல்லை.

நாத்தனார் ஒருமுறை வந்திருந்தபோது சமையலறைக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "கல்லுல கூட ஈரம் கசியும்மா. இவ கண்ணுல ஒரு சொட்டு பார்த்தியா நீ?"

அத்தை அதற்கு என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. குக்கர் சத்தம் போட்டுவிட்டது.

அந்த நாத்தனார்தான் இன்று மாலை காரை எடுத்துக்கொண்டு வருகிறாள். தீர்மானமாகிவிட்ட விஷயம். "மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா எத்தனை நாள்தான் ஏறி இறங்குவாங்க? எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு. நீயும் வேலைக்குப் போற பொண்ணு, உனக்கு எதுக்கு இந்தப் பாரம்? ஆஸ்பத்திரி டெஸ்ட் முடியட்டும், சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன். பெட்டியைக் கட்டி வெச்சிரு."

"சரி அண்ணி," என்று அவள் சொல்லிவிட்டாள்.

சொன்னபிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ? "அத்தை இங்கேயே இருக்கட்டும்" என்று? அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டாமா? உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்தாள். காலி டப்பாவில் துழாவியதுபோல இருந்தது. இல்லாததை எடுத்து எப்படி நீட்டுவது? அத்தைக்கும் இங்கே என்ன இருக்கிறது? மகன் இருந்தான், இருந்தார். இப்போது போகட்டும். அத்தையும் போய்விட்டால் வீட்டில் அவளும் சுவர்களும்தான். அதைப் பற்றிக்கூட அவளுக்குப் பயம் வரவில்லை. பயம் வரவில்லையே என்றுதான் இருந்தது.

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் இருவரும் கிளம்பியிருந்தார்கள்.

*

அவளுடைய வேலையை வெளியாட்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீளமான அறை. அறையின் நடுவே தரையோடு தரையாக, அருகருகே பதித்த இரண்டு இரும்புப் பலகைகள். மேலே மற்ற இடத்தில் இருக்கும் அதே சாம்பல் விரிப்பு. அந்தப் பலகைகளின் மேல் கால் வைத்தால், கால் தரையை எவ்வளவு அழுத்துகிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் கோடாக ஓடும். கால் முறிந்தவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள் எல்லாரும் அதன்மேல் நடப்பார்கள். யாருக்கு எந்தக் கால் ஏமாற்றுகிறது என்று அவள் கண்டுபிடிப்பாள்.

பலகை எங்கே இருக்கிறது என்று நடப்பவர்களுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் அதைக் குறிவைத்துக் கால் வைப்பார்கள், நடை பொய்யாகிவிடும். தானாகக் கால் விழ வேண்டும். விழாவிட்டால் திரும்ப முதலிலிருந்து நடக்க வேண்டும்.

கணவனை அவள் அறிந்ததே அப்படித்தான். கணுக்கால் உடைந்து கட்டுப் பிரித்த கையோடு வந்திருந்தான். ஒவ்வொரு தடவையும் பலகைக்கு ஒரு சாண் முன்னால் ஒரு கால், ஒரு சாண் பின்னால் மறுகால். "இன்னொரு தடவை நடங்க", "சாரி, இன்னொரு தடவை" என்று அவளும் சலிக்காமல் சொன்னாள். மதியச் சாப்பாட்டு நேரமே தாண்டிவிட்டது. கடைசியில் அவன், "மேடம், விரிப்புல அந்த இடத்துல விளிம்பு லேசாத் தூக்கிட்டிருக்கு. வந்ததுமே பார்த்துட்டேன். நாளைக்கும் வரச் சொன்னீங்கன்னா ஒட்டி வெச்சிடாதீங்க," என்றான். அவள் முகம் சிவந்துபோனது. மறுநாளும் வரச் சொன்னாள்.

அந்த விளிம்பு இன்னும் லேசாகத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவள் தினமும் அதைத் தாண்டிப் போகிறாள், ஒன்றும் ஆவதில்லை.

"வாங்கம்மா வாங்க!" என்று எழுந்து வந்தார் கால்காரர். செயற்கைக் கால் செய்து பொருத்துபவர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு அதுதான் பெயர். அவள் யாரையாவது நடக்க வைக்கும்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வது அவர்தான். "நீங்கதானே அந்தக் காலத்து பஸ் கண்டக்டர்? தங்கச்சி சொல்லியிருக்கு," என்று அவளைக் காட்டினார்.

"அந்தக் காலம் என்ன அந்தக் காலம்? வேலையை விட்டு ஆறு வருஷம்தான் ஆகுது," என்றார் அத்தை. "டிப்போல கேட்டுப் பாருங்க. ஆணின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்."

"ஆணியா?"

"ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நிப்பேன். டிரைவர் எப்படி ஒடிச்சாலும் சரி, பிரேக் போட்டாலும் சரி, பயணிங்கதான் என்மேல வந்து விழுவாங்க, நான் யார்மேலயும் விழுந்ததில்ல. தரையில அடிச்ச ஆணின்னு பேர் வெச்சானுங்க."

"இப்ப இடுப்புக்குள்ள வெச்சிருக்கிறதும் ஆணிதான். ஆணிக்கே ஆணி அடிச்சுட்டாங்க."

அத்தை சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அறையில் மோதித் திரும்பி வந்தது. வீட்டில் கேட்டு வெகுநாளான சத்தம். அவள் கம்ப்யூட்டர் கம்பிகளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடை பார்க்கும் மெஷினில் அத்தை ஏறி நின்றார். ஐம்பத்தெட்டு. அவள் வழக்கமாக எல்லாரிடமும் ஒப்பிப்பதை ஒப்பித்தாள். "பயப்பட ஒண்ணுமில்ல. சாதாரணமா நிக்கணும், நடக்கணும். நீங்க தரையை எவ்வளவு அழுத்துறீங்களோ தரை உங்களை அவ்வளவு மேல தள்ளும். நடக்கும்போது பாதம் தரையைப் பின்னால தள்ளும், தரை உங்களை முன்னால தள்ளும். அதை இந்த மெஷின் அளக்கும்."

"தரை தள்ளுமா?" அத்தை குனிந்து பார்த்தார். "தரை அதுபாட்டுக்குக் கிடக்கு. அது எங்க தள்ளுது?"

"தள்ளாம இருந்தா நீங்க உள்ள போயிடுவீங்களே," என்றார் கால்காரர். "சேத்துல கால் வெச்சா என்ன ஆகுது? அது தள்ள மாட்டேங்குது, நீங்க இறங்கிடுறீங்க."

"சரி, தள்ளுதுன்னே வெச்சுக்குவோம். நான் தள்ளுற அளவுதான் அதுவும் தள்ளுமா?"

"அவ்வளவேதான். கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல."

"அப்போ கணக்கு இடிக்குதே. நான் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம், சரிக்குச் சரி. கூட்டிக் கழிச்சா ஒண்ணுமே மிஞ்சாது. அப்புறம் எப்படி ஆள் நகருவான்? நின்ன இடத்துலயே நிக்கணுமே?"

கால்காரர் காதைச் சொறிந்தார். "நல்ல கேள்விதான். ஆனா இதெல்லாம் தங்கச்சி டிபார்ட்மென்ட்."

"அப்புறம் சொல்றேன்," என்றாள் அவள். இது எல்லாரும் சறுக்குகிற இடம். பதில் அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் அலுப்பாக இருந்தது.

முதலில் நிற்கும் பரிசோதனை. முதல் பலகையின் மேல் அரை நிமிடம் எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். பெரிய டாக்டருக்கு வேண்டியது இதுதான்: தனியாக, முழு எடையையும் தாங்கி நிற்கிறாரா. நிற்க முடியவில்லை என்றால் மாடிப்படி கூடாது என்று எழுதிவிடுவார். அத்தை கைத்தடியைக் கால்காரரிடம் கொடுத்துவிட்டு, அவளோடு பக்கம் பக்கமாக நடந்து வந்து நின்றார்.

"நேராப் பாருங்க. அசையாதீங்க."

அரை நிமிடம் ஓடியது. கால்காரர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஐம்பத்திரண்டு காட்டுது. ஆறு கிலோ எங்கம்மா போச்சு? இப்பத்தானே ஐம்பத்தெட்டு இருந்தீங்க?"

"நடந்து வந்ததுல இளைச்சிருப்பேன்."

"பலகை கெட்டுப்போச்சா?" என்றாள் அவள்.

அளவு பார்க்கவென்றே அறையில் இருபது கிலோ இரும்புக் குண்டு ஒன்று உண்டு. அத்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் குண்டைத் தூக்கிப் பலகையின் மேல் வைத்தாள். இருபது காட்டியது. எடுத்தாள், பூஜ்யம். பலகை மேல் பழி போட வழியில்லை. எடை மெஷினிலும் வைத்துப் பார்த்தாள். அதுவும் இருபது.

திரும்ப நிறுத்திப் பார்த்தார்கள். திரும்பவும் ஐம்பத்திரண்டு. சிவப்புப் புள்ளியொன்று திரையில் நகராமல் நின்றது. ஆடாமல் அசையாமல் நிற்கிறார், ஆனால் ஆறு கிலோ இல்லை.

கால்காரர் கைத்தடியை எடுத்துத் தரையில் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு அதைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பகுதியைப் பார்த்தார். மாட்டியிருந்த கறுப்பு ரப்பரில், அச்சில் வார்த்த சின்னச் சின்னப் பள்ளங்கள்கூட மழுங்காமல் இருந்தன.

"ஏம்மா, ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை மாசமாச்சு? தினமும் இதை ஊன்றித்தானே நடக்குறீங்க?"

"பின்னே?"

"ரப்பர் புத்தம் புதுசா இருக்கே. எதைத்தான் ஊன்றி நடந்தீங்க இத்தனை நாளா?"

"நான் எதுக்கு ஊன்றணும்? சும்மா கையில வெச்சிருப்பேன், டாக்டருக்காக. ஆணியம்மா எதையும் பிடிச்சு நின்னதில்ல."

கால்காரரின் பார்வை திரையின் இன்னொரு மூலைக்குப் போயிருந்தது. அங்கே இன்னொரு எண் ஓடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி. ரெண்டாவது பலகையில யாரு?"

அவள் கீழே பார்த்தாள். அவள்தான். நோயாளி நிற்கும்போது உதவியாள் பலகையில் கால் வைக்கக்கூடாது. புதிதாக வருபவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாத தப்பு.

"நான்தான்ணா. கவனிக்கல."

"உன் எடை என்ன?"

"ஐம்பது."

"இங்க ஐம்பத்தாறு காட்டுது."

கால்காரர் திரையிலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தார். பார்த்த கண் அவள் இடது தோளில் போய் நின்றது.

அங்கே அத்தையின் வலது கை இருந்தது.

பிடித்த பிடியில்லை. பெஞ்சின் முதுகின்மேல் கையைப் போட்டு உட்காருவார்களே, அதுபோல இயல்பாக, எப்போதும் அங்கேயே இருப்பதுபோல இருந்தது. அவளும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்தபிறகும் அவளுக்கு அது கனக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது, தோளுக்குத் தெரியவில்லை. அத்தையும் தன் கையையே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"நான் வைக்கல," என்றார்.

"வெக்காமலா அங்க இருந்துச்சு?"

"நான் யார்மேலயும் சாயுறவ இல்ல." குரல் கொஞ்சம் ஏறியது. "ஏம்மா, நீ சொல்லு. நான் உன்மேல சாய்ஞ்சேனா?"

"தெரியல அத்தை. எனக்கு ஒண்ணும் தெரியல."

அது உண்மை. அறுவை முடிந்து முதல்முதலாக எழுந்து நடந்த அன்று அவள் தோளைக் கொடுத்திருப்பாள். அதன்பிறகு அந்தக் கை எடுக்கப்படவே இல்லை போலிருக்கிறது. படியில், கடைக்குப் போகும் வழியில், இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி வாசல் தாண்டி இந்த அறைவரைக்கும். வைத்தவருக்கும் தெரியவில்லை, தாங்கியவளுக்கும் தெரியவில்லை. குனிந்து தன் இடது செருப்பைப் பார்த்தாள். புது ரப்பர் துண்டு பளபளவென்று இருந்தது. ஊரார் காலையெல்லாம் சோதித்து, எந்தக் கால் ஏமாற்றுகிறது என்று சொல்பவள். சொந்தச் செருப்பு சொன்னதை மட்டும் மட்டமான சரக்கு என்று தள்ளிவிட்டாள்.

"விடுங்க," என்றார் கால்காரர். "இந்தக் கணக்கு செல்லாது. தங்கச்சி, நீ தள்ளிப் போ. அம்மாவைத் தனியா நிக்க வைப்போம்."

அவள் நாலடி தள்ளிச் சுவரோரம் போய் நின்றாள். அத்தை தனியாகப் பலகையில் நின்றார். ஒரு நொடி உடம்பு வலது பக்கம் தேடியது. தேடிக் கிடைக்காமல் திரும்பி வந்து நேரானது. தாடை இறுகியது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் நிற்பதுபோலக் கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றார்.

ஐம்பத்தெட்டு. புள்ளி பலகையின் நட்டநடுவில்.

"அடேயப்பா!" கால்காரர் கைதட்டினார். "ஆணியேதான்! மாடி என்ன, மலையே ஏறலாம் நீங்க. டாக்டருக்கு இதையே அனுப்பிடுறேன். நடையையும் பார்த்துடலாம். அதுக்கு முன்னாடி தங்கச்சி, நீயும் ஒருதடவை தனியா நில்லு. ரெண்டாவது பலகையையும் சரிபார்த்துடுவோம்."

அவள் ஏறி நின்றாள். ஐம்பது. பலகை சரியாகத்தான் இருந்தது. ஆனால் கால்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேரா நில்லும்மா."

"நேராத்தான்ணா நிக்கிறேன்."

"இல்லயே. புள்ளி இடது பக்கமா ஓடுது பாரு. சாய்ஞ்சிருக்க நீ."

அவள் திரையைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி நடுவில் நிற்காமல் இடது ஓரத்துக்குப் போய்த் தத்தளித்துக்கொண்டிருந்தது. சரிசெய்யப் பார்த்தாள். உடம்பு நேராக இருக்கிறது என்று உடம்பு சத்தியம் செய்தது; புள்ளி இல்லை என்றது. இடது தோள், மேலே ஏதோ இருப்பதுபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே ஒன்றும் இல்லை.

"அங்க இருந்த ஆறு கிலோவுக்குப் பழகிப் போயிருக்கு," என்றார் கால்காரர் மெதுவாக. "எடுத்துட்டதும் ஆள் ஆடுறா."

அத்தை நடந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தத் தத்தளிக்கும் புள்ளியை வெகுநேரம் பார்த்தார்.

"கூட்டிக் கழிச்சா பூஜ்யம்னு நெனச்சேனே," என்றார். "நான் அமுக்கினேன்னா, இவளும் தள்ளினாளா?"

"தள்ளாம எப்படி?" அவள் பேசினாள். பேச வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை. தினமும் சொல்கிற பாடம், அதுபாட்டுக்கு வந்தது. "நீங்க என் தோளை ஆறு கிலோ கீழ அழுத்தினா, என் தோள் உங்க கையை ஆறு கிலோ மேல தள்ளும். கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல. தோளுக்கு இஷ்டமா, தெரியுமா, தெரியாதாங்கிறதெல்லாம் கணக்கே இல்ல. தள்ளியே தீரும்."

"அப்போ கழிஞ்சு போகணுமே?"

"கழியாது அத்தை. ரெண்டும் ஒரே ஆள் மேல விழுந்தாத்தான் கழியும். நீங்க அழுத்துறது என்மேல. நான் தள்ளுறது உங்கமேல. ஆள் வேற வேற. அதனாலதான் உங்க பலகையில ஆறு குறைஞ்சு, என் பலகையில ஆறு கூடிச்சு. தரையும் அப்படித்தான். நீங்க தள்ளுறது தரைமேல, தரை தள்ளுறது உங்கமேல. அதான் நகர முடியுது."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. துழாவித் துழாவி ஒன்றும் கிடைக்காத காலி டப்பா என்று நினைத்திருந்தாளே. அது இத்தனை நாளும் ஒருத்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்காக அழுகை வரவில்லை. ஒன்றும் பெரிதாக வரவில்லை. இடது தோளில் மட்டும், மரத்த கையில் ரத்தம் திரும்ப ஓடும்போது ஊசி குத்துமே, அப்படி ஒரு குத்தல் தொடங்கியது. அங்கே குளிர்ந்தது.

"பஸ்லயும் பார்த்திருக்கேன்," என்றார் அத்தை, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கூட்டத்துல என்னை இடிச்சவனுக்குத்தான் முழங்கை வலிக்கும். நான் சும்மா நின்னேன், அவனா வந்து இடிச்சான்னு சொல்லுவேன். சும்மா நிக்கிறதுன்னு ஒண்ணு இல்ல போலிருக்கு."

*

நாத்தனார் வரும்போதே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, என்ன படிடா இது! அம்மா, கிளம்பியாச்சா? பெட்டி எங்க? கீழ கார் குறுக்க நிக்குது, வாட்ச்மேன் கத்துறான்."

"முதல்ல உக்காரு. ரிசல்ட் என்னன்னு கேக்க மாட்டியா?" என்றார் அத்தை.

"என்னவாம்?"

"பாஸ். நேரா நிக்கிறேனாம், நேரா நடக்குறேனாம். மாடி ஏறலாமாம்."

"நல்லதாப் போச்சு. அப்போ நீயே இறங்கி வந்து கார்ல ஏறிடலாம்." நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள். "மருந்தெல்லாம் உள்ள வெச்சுட்டியா?"

கூடத்தின் நடுவே பெட்டி நின்றது. அத்தை அதைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக நிற்க முடிகிறது என்று மெஷினே சொல்லிவிட்டது. இனி இங்கே இருக்க அவருக்குக் காரணம் கிடையாது. போகவும் காரணம் கிடையாது. யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அவளுக்குத் தோள் வலித்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வலித்தது. அத்தை வேண்டுமென்றே கம்பியைக்கூடப் பிடிக்காமல், அவளைத் தொடாமல், விறைப்பாக நின்றுகொண்டே வந்தார். மூன்று மாடியும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே ஏறினார். அவளோ படிக்குப் படி இடது பக்கச் சுவரில் உரசிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி," என்றாள்.

"சொல்லு."

"அத்தை இங்க இருக்கட்டும்."

நாத்தனார் கைப்பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். "எதுக்கு? அம்மாவைப் பாத்துக்க நாங்க இல்லயா? உனக்கு எதுக்குச் சிரமம்?"

"அவங்களைப் பாத்துக்கிறதுக்கு இல்ல அண்ணி. அவங்க நல்லாத்தான் நிக்கிறாங்க." அடுத்த வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது. "நான்தான் நிக்கல."

"என்ன சொல்ற நீ?"

"நானும் ஏறி நின்னேன். எனக்குப் புள்ளி ஓடுது."

நாத்தனார் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மெஷின்லயே பார்த்தாச்சு. நான் கையை எடுத்துட்டா இவ இந்தப் பக்கமா சாய்ஞ்சுடுறா." கையைச் சாய்த்துக் காட்டினார். "படிச்ச பொண்ணு, வேலைக்குப் போற பொண்ணு. ரோட்ல கோணலா நடந்தா நல்லாவா இருக்கும்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை லூசாக்குறீங்களா? வாரக்கணக்கா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துப் பேசுனதில்ல. இப்ப என்னடான்னா..." நாத்தனாருக்குக் குரல் உடைந்தது. அவளும் ஒரு தம்பியைத் தொலைத்தவள்தான். சோபாவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். மருமகள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. ஆனால் டீயை வைத்துவிட்டு வழக்கம்போல உள்ளே போகாமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லிஃப்ட் இருக்கும்மா எங்க வீட்ல," என்றாள் நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைசி முயற்சியாக.

"இருக்கட்டும். மாசம் ஒருதடவை வந்து அதுல ஏறி இறங்கிட்டு வர்றேன்."

கீழே வழி கேட்கும் வண்டிகளின் ஹாரன் சத்தமும், வாட்ச்மேனின் குரலும் மாறி மாறிக் கேட்டன. நாத்தனார் எழுந்தாள். வழியனுப்ப மூவரும் வாசலுக்கு வந்தார்கள். நாத்தனார் முன்னால் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள். அத்தை முதல் படியின் விளிம்பில் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தடி வேணுமா?" என்றாள் அவள்.

"எனக்கெதுக்கு?"

அவள் அத்தையைத் தாண்டி ஒரு படி கீழே இறங்கி, வலது பக்கமாக நின்றாள். இடது தோள் அத்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. காத்திருந்தாள். கீழே கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

கை வந்து தோளில் இறங்கியது. வலித்துக்கொண்டிருந்த அதே இடம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கனக்குதா?" என்று கேட்டார் அத்தை.

"கனக்குது அத்தை."

"எடுத்துடவா?"

"வேணாம். இறங்குங்க."